பாறைக்காட்டில் ஆறு அடுப்பு

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் ரோட்டில், ஊர் முடிந்து அரை மைல் தாண்டினால் வலது கைப்பக்கம் ஒரு மேடு வரும். ஐம்பத்தேழாம் வருஷம் வரைக்கும் அதற்குப் பாறைக்காடு என்றுதான் பெயர். சாமைகூட விளையாத இடம். ஆடு மேய்க்கிறவர்களும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். நரி மட்டும் பெண்டு பிள்ளையோடு சுகமாகக் குடியிருந்தது. அந்த இடத்தைச் சென்னப்பன் வாங்கினார் என்று தெரிந்ததும் ஊரே சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று பெயர் சொல்லியே சொல்லலாம். போகட்டும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பின்னால் அந்த மேட்டில் வீடு கேட்டு நடையாய் நடந்தார்கள்.

சென்னப்பன் பள்ளிக்கூடம் போனது மொத்தம் ஒன்றரை வருஷம். கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஒன்பது வயதில் உளியைக் கையில் பிடித்தவர். நாற்பத்தைந்து வயதில் சொந்தமாக இரண்டு பாறை, பன்னிரண்டு ஆள், மூன்று மாட்டு வண்டி. வீட்டில் தெலுங்கு, வேலையாட்களிடம் தமிழ், பெங்களூர் வியாபாரியிடம் கன்னடம். மூன்று பாஷையிலும் பேரம் பேசுவார். மூன்றிலும் அவரை ஏமாற்றியவன் கிடையாது.

மேட்டுக்கு எதிரே சர்க்கார் ஒரு விவசாயப் பயிற்சிக் கல்லூரி கட்டியது. அதற்குத் தூணும் படியும் கூரைப் பலகைக் கல்லும் போட்டவர் சென்னப்பன்தான். படிக்கல்லை இறக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவருக்கு யோசனை வந்தது. இங்கே பாடம் சொல்ல வருகிறவர்கள் எங்கே குடியிருப்பார்கள்? ஓசூர் டவுனில் கிடைப்பதெல்லாம் சந்தைக்குப் பின்னால் இருட்டு அறைகள். பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, எதிரே புளி மண்டி. படித்தவன் பெண்டாட்டி அங்கே எத்தனை நாள் இருப்பாள்?

அந்தப் பாறையையே உடைத்து, அந்தக் கல்லிலேயே ஆறு வீடுகளை வரிசையாகக் கட்டினார். வெளியிலிருந்து ஒரு கல்கூட வரவில்லை. வீட்டுக்கு ஒரு சமையலறை, புகை போக ஒரு கூண்டு, பின்னால் குளிக்க ஓர் அறை, கக்கூஸ் தனியாக. ஆறு வீட்டுக்கும் ஆறு துவைக்கிற கல், ஆறு உரல். ஒரே கல்லில் இரண்டு பெண்கள் துவைத்தால் மூன்றாம் நாள் சண்டை வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. முன்னால் பிள்ளைகள் ஓடி விளையாட வண்டிப்பாதை அகலத்துக்கு இடம். ஓசூரில் வாடகைக்கென்று அப்படி யாரும் கட்டியதில்லை. கட்டியிருந்தால் யாராவது சொல்லட்டும்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அது குடும்பங்கள் வாழும் தெருவாக வேண்டும். பிறந்ததிலிருந்து குவாரிக்குப் பக்கத்துக் குடிசையில் வளர்ந்தவர். பாறை தீர்ந்தால் குடிசையைப் பிரித்து அடுத்த பாறைக்குப் போவதுதான் அவர் கண்ட வாழ்க்கை. வாசல் தெளித்து, கோலம் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண் தயிருக்கு உறை மோர் கேட்டு வருகிற இடம் ஒன்றைத் தன் கையால் உண்டாக்க வேண்டும் என்று நினைத்தார்.

ஆனால் கோவிந்தப்பன் வேறு மாதிரி நினைத்தார். அவர் ஊரிலேயே பெரிய புளி வியாபாரி, நிலக்காரர். அவருடைய பழைய கிடங்கு ஒழுகியது. கல் கூரை போட்ட ஆறு அறைகளைப் பார்த்ததும் அவருக்கு நாக்கு ஊறியது.

"சென்னப்பா, ஆறையும் மொத்தமா எனக்குக் குடுத்துடு. கல்லு வீடு, எலி வராது. புளி பாட்டுக்குத் தூங்கும்."

"மனுசன் தூங்கறதுக்குக் கட்டினதுங்க சாவுகாரே."

"எந்த மனுசன்? நரிதான் உனக்குக் குடக்கூலி தரும். ஆடிப் பதினெட்டு வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள ஒரு வீட்டுலயாவது அடுப்பு எரிஞ்சா நான் கேக்கறதை விட்டுடறேன். எரியலைன்னா கிடங்குதான். சரியா?"

"சரிங்க" என்றார் சென்னப்பன். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்ன சொல். ஒன்றல்ல, ஆறு அடுப்பும் எரியும் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

இது நடந்தது ஐம்பத்தேழில், ஆனி மாதத் தொடக்கத்தில். கல்லூரி திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

முதலில் வந்தவர்கள் நாலு மாணவர்கள். அன்றைக்கே சாவி கொடுத்தால் அன்றைக்கே வருகிறோம் என்றார்கள். சென்னப்பன் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணம் ஆச்சாங்க?"

"இல்லீங்க."

"ஆனப்புறம் வாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் பக்கம் மதுவிலக்கு. எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் எல்லாம் கிடைக்கும். கல்யாணமாகாத நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி எங்கே போவார்கள், எப்படித் திரும்பி வருவார்கள் என்று ஓசூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து வந்தவர் முனிவேல். சேலத்துக்காரர், கல்லூரி ஆபீசில் குமாஸ்தா. அவர் வந்த அன்று அமாவாசை கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கூரையைத் தட்டிப் பார்த்தார், குழாய் மாதிரி தண்ணீர் ஊறும் கிணற்றை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்பப் பிடிச்சிருக்குதுங்க. வீட்டுல கூட்டிக்கிட்டு ரெண்டு நாள்ல வந்துடட்டுங்களா?"

சென்னப்பன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அவசரம் என்னங்க? அமாவாசை கழியட்டும். கழிஞ்ச மறுநாள் வாங்க."

"அடுத்த அமாவாசைங்களா?" என்று முனிவேல் ஒரு மாதிரியாகக் கேட்டார்.

"ஆமாங்க. அடுத்த அமாவாசைதான்."

முனிவேல் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கடுத்த வாரம் தஞ்சாவூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவர், பிறகு இன்னும் இரண்டு பேர். எல்லோருக்கும் அதே பதில். எல்லோரும் அதே மாதிரி முகம் மாறிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சென்னப்பன் என்ன நினைத்தார் என்றால், நடப்பது ஆஷாட மாதம். தெலுங்கர்களும் கன்னடக்காரர்களும் ஆஷாடத்தில் வீடு மாற மாட்டார்கள். அமாவாசைக்கு மறுநாள் ஆஷாடம் போய் சிராவணம் பிறக்கும், நல்ல மாதம். வருகிறவர்கள் வேலைக்குச் சேரும் அவசரத்தில் மாதம் பார்க்க மறந்துவிட்டார்கள், பாவம், நாம்தான் வீட்டுக்காரனாக லட்சணமாக நடந்துகொள்ள வேண்டும். தன் வீட்டில் முதல் அடுப்பு கெட்ட மாதத்தில் பற்றக் கூடாது. காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் படித்தவர்களுக்கு வெட்கமாக இருக்குமே என்று அதையும் சொல்லவில்லை.

வீடு மாறத் தமிழர்களும் ஆஷாடத்தைத்தான் பார்ப்பார்கள் என்று அவர் அத்தனை வருஷமாக நம்பியிருந்தார். குவாரியில் வேலை செய்கிறவன் எந்த மாதம் பார்த்து வீடு மாறினான்? பாறை தீர்ந்த அன்றைக்கு மாறுவான். அதனால் அவர்கள் பார்ப்பது ஆடியை என்று தெரிய வேண்டிய வேளையே அவருக்கு வரவில்லை.

அமாவாசைக்கு மறுநாள் காலையில் ஆறு வாசலிலும் மாவிலை கட்டினார். பால்காரரிடம் ஆறு செம்புப் பால் சொல்லிவைத்தார். மனைவி நாராயணம்மாவைக் கூட்டிப் போய் ஆறு வாசலும் தெளிக்கச் சொன்னார். இருவரும் மத்தியானம் வரைக்கும் நின்றார்கள். ஒருவரும் வரவில்லை.

"ஏங்க, இவ்வளவு பாலையும் நரிக்கு ஊத்தலாமா?" என்றாள் நாராயணம்மா.

சென்னப்பன் ரோட்டைக் கடந்து கல்லூரி ஆபீசுக்குப் போனார். முனிவேல் மேசையில் இருந்தார்.

"என்னங்க, இன்னைக்கு வர்றதா பேச்சு?"

முனிவேல் பேனாவை வைத்துவிட்டார். "நிஜமாவே வரச் சொன்னீங்களா?"

"பின்னே? அமாவாசை கழிஞ்ச மறுநாள்னு சொன்னேனே."

"ஐயா, ஆடி அமாவாசை கழிச்சு வான்னு சொன்னா யாருங்க வருவாங்க? ஆடி பொறந்து பத்துப் பன்னெண்டு நாள் ஆச்சு. எங்க ஆளுங்க ஆடியில சட்டிப்பானையைக்கூட இடம் மாத்த மாட்டாங்க. உங்களுக்கு எங்களை வெக்க இஷ்டமில்லை, அதை மரியாதையாச் சொல்றீங்கன்னு நெனைச்சோம். நான் வந்தப்ப எங்களுக்கு ஆனிங்க. நல்ல மாசம்."

சென்னப்பன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாலு குடும்பத்தைத் தன் வாயாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்! அவர்கள் எல்லோரும் டவுனில் ஒரு சத்திரத்தின் பின்கட்டில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். ஆவணி பிறக்கிற வரைக்கும் யாரும் நகர மாட்டார்கள். ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

வேறொருவனாக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். சென்னப்பன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே யோசித்தார். பாறையில் ஒரு பக்கம் உளி இறங்கவில்லை என்றால் அடுத்த பக்கம் போய்த் தட்டிப் பார்க்கிறது அவர் பழக்கம். தமிழர்களுக்கு இது ஆகாத மாதம். தனக்கு ஆகிற மாதம். அப்படியென்றால் தன்னைப் போல மாதம் பார்க்கிற ஒருத்தர் இந்தக் கல்லூரியில் இருக்க மாட்டாரா?

"இங்கே கன்னடக்காரரு யாராச்சும் வேலையில இருக்காங்களா?"

இருந்தார். நஞ்சுண்டய்யா என்று பெயர், மண் பாடம் எடுக்கிறவர். தினமும் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புகிறவர். சென்னப்பன் அன்று சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்குக் கல்லூரி வாசலில் போய் நின்றுகொண்டு, அவர் பஸ் படியில் கால் வைக்கும்போது கன்னடத்தில் கேட்டார்.

"சாமி, உங்களுக்கு ஆகாத மாசம் எது?"

நஞ்சுண்டய்யா திகைத்துப் போனார். "நேத்தோட முடிஞ்சுதே. ஏன்?"

"அப்ப எறங்குங்க."

அடுத்த நாள் நஞ்சுண்டய்யா மனைவி சரசம்மாவையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டைப் பற்றிச் சரசம்மாவுக்குக் குறை ஒன்றுமில்லை. சமையலறையில் நின்று பார்த்தாள், துவைக்கிற கல்லின் உயரத்தைக் கையால் அளந்தாள், தலையாட்டினாள். பிறகு வாசலுக்கு வந்து வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். ஆறு வாசலிலும் காய்ந்த மாவிலை. ஒரு சத்தமில்லை.

"இல்லி யாரூ இல்வல்லா!" என்றாள் புருஷனிடம். இங்கே ஒருத்தரும் இல்லையே என்று பொருள். பிறகு சென்னப்பன் பக்கம் திரும்பி, தமிழும் கன்னடமுமாகக் கலந்து சொன்னாள். "வீடு சென்னாகிதே, நல்லா இருக்கு ஐயா. ஆனா இவரு காலேஜுக்குப் போனா நான் யாரோட பேசறது? அந்தக் கல்லோடயா? குழந்தைங்களை வெச்சுக்கிட்டு தனியா இருக்கப் பயம். பக்கத்துல ஒரு குடும்பம் வரட்டும், அப்புறம் வர்றோம்."

"பக்கத்து வீட்டுக்கு ரெண்டு நாள்ல குடும்பம் வருதும்மா" என்றார் சென்னப்பன்.

"யாரு?"

"நான்தான்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. தெரிந்ததும், இதை விட்டால் வேறு வழியில்லை என்றும் தெரிந்தது.

டவுன் வீட்டில் நாராயணம்மா இதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சந்தைக்கு ரெண்டு அடி. கோயிலுக்கு நாலு அடி. இந்த வீட்டை விட்டுட்டு அந்த மேட்டுக்கா? வாடகைக்கு ஆள் கிடைக்கலைன்னு வீட்டுக்காரனே குடி போற கூத்து எங்கேயாவது உண்டா?"

"அந்தம்மா ஒத்தையா இருக்கப் பயப்படுது."

"அந்தம்மா பயம் உங்களுக்குத் தெரியுது. குவாரிக் குடிசையில பதினாலு வருசம் ஒத்தையா இருந்தேன், என் பயம் தெரிஞ்சுதா?"

சென்னப்பன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பத் தெரியலை நாராயணம்மா. தெரிஞ்சிருந்தா இந்தத் தெருவை அப்பவே கட்டியிருப்பேன்."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "மூலை வீடு எனக்கு. அதுலதான் காத்து வருது. உரலை வாசப்பக்கம் மாத்திக் குடுக்கணும். யாரு எந்த வீட்டுல இருக்கணும்னு நான்தான் சொல்லுவேன். சம்மதம்னா மூட்டையைக் கட்டுங்க."

ஆடிப் பதினைந்து அன்று, அதாவது சிராவணம் பிறந்த நாலாம் நாள், பாறைக்காட்டில் இரண்டு வீட்டில் பால் பொங்கியது. சரசம்மா வீட்டுப் பால் கிழக்கே பொங்கி வழிந்தது. நாராயணம்மா வீட்டுப் பால் நாலு பக்கமும் வழிந்தது. அதுவே இன்னும் விசேஷம் என்று சென்னப்பன் எல்லோரிடமும் சொன்னார்.

பதினெட்டாம் நாள் கோவிந்தப்பன் வந்து பார்த்தார். சிரித்தார்.

"சொன்ன சொல்லுல ஜெயிச்சுட்ட. ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணுல வாடகைக்காரன், ஒண்ணுல நீ. மிச்சம் நாலு சும்மாதானே கெடக்குது? அதைக் குடு. நாளைக்கே புளி வந்து எறங்கும்."

நாலு வீடு பூட்டிக் கிடந்தது உண்மைதான். ஆவணியில் அந்தத் தமிழ்க் குடும்பங்கள் வரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஒரு தடவை மனம் முறிந்து போனவர்கள். சத்திரத்துப் பின்கட்டை ஒழுங்குபடுத்தி வாடகைக்கே விடப்போகிறார்கள் என்றும் பேச்சு இருந்தது.

"புளி வந்தா வண்டி வரும், வண்டி வந்தா மூட்டை தூக்கற ஆள் வருவான், பீடி வரும், வாய்ப்பேச்சு வரும். சரசம்மா ஒரு மாசத்துல பெங்களூருக்குப் போயிடுவாங்க" என்றார் சென்னப்பன். "நாலும் காலியாவே இருக்கட்டுங்க சாவுகாரே."

"திமிரு உனக்கு."

"கல்லு உடைச்சுச் சம்பாரிச்ச திமிருங்க. அவ்வளவு சீக்கிரம் போவாது."

வீறாப்பாகப் பேசிவிட்டாரே தவிர, அந்த நாலு பூட்டையும் ஒரு முறை தொட்டுப் பார்க்காமல் அவர் குவாரிக்குப் போனதில்லை. முனிவேலைப் பார்த்து இரண்டு முறை கூப்பிட்டார். "வீட்டுல கேக்கணுங்க" என்ற பதிலோடு சரி. வீட்டிலே, அதாவது லட்சுமியம்மாள், ஒரு முறை திருப்பி அனுப்பியவன் வாசலை மிதிப்பதில்லை என்று உறுதியாக இருந்தாள்.

அதைச் சரிசெய்தது சென்னப்பன் அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆடி நாலாம் வாரத்தில் வரலட்சுமி விரதம் வந்தது. சரசம்மா அதை விமரிசையாகச் செய்கிறவள். அம்மன் முகம் வைத்து, சேலை கட்டி, தாழம்பூ வைத்து அலங்காரம் செய்துவிட்டு நாராயணம்மாவிடம் கேட்டாள். "தாம்பூலம் கொடுக்க அஞ்சு சுமங்கலியாவது வேணுமே. இங்கே நீங்க ஒருத்தர்தானே?"

நாராயணம்மா யோசிக்கவில்லை. குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தாள். சத்திரத்துப் பின்கட்டில் போய் நாலு பெண்களுக்கும் குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டாள். லட்சுமியம்மாள் தயங்கினாள்.

"உங்க வீட்டுக்காரருதானே எங்களை வேணாம்னாரு?"

"அந்தாளுக்குக் கல்லு தெரியும், மாசம் தெரியாது" என்றாள் நாராயணம்மா. "நான் குடி வரச் சொல்லலை. மஞ்சள் குங்குமம் வாங்கிக்க வாங்கன்னு கூப்பிடறேன். ஆடியில தாம்பூலம் வாங்கக்கூடாதுன்னு உங்க ஊர்ல உண்டா?"

இல்லை. மஞ்சள் குங்குமத்தை வேண்டாம் என்று சொல்கிற பெண் எந்த ஊரிலும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் குழந்தைகளோடு வந்தார்கள். சென்னப்பனை நாராயணம்மா குவாரிக்குத் துரத்திவிட்டாள். "நீங்க இருந்தா கூரைக் கல்லு எத்தனை மணங்குன்னு பேச ஆரம்பிச்சுடுவீங்க."

தாம்பூலம் வாங்கியவர்கள் உடனே கிளம்பவில்லை. குழந்தைகள் முன் வெளியில் ஓடின. பெண்கள் ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தார்கள். பார்ப்பது குடி வருவதாகாதே. நாராயணம்மா சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். சத்திரத்தில் ஒரே அடுப்பில் நாலு பேர் முறை வைத்துச் சமைத்த பெண்கள், தனித்தனிச் சமையலறையையும் தனித்தனித் துவைக்கிற கல்லையும் பார்த்தார்கள். லட்சுமியம்மாள் மூன்றாம் வீட்டு நிலைக்கல்லில், யாரும் பார்க்காதபோது, ஒரு பொட்டுக் குங்குமம் வைத்துவிட்டு வந்தாள்.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாள். விடிந்தும் விடியாமலும் டவுனிலிருந்து வண்டிகள் ஏறி வந்தன. நாலு குடும்பம், நாலு வண்டிச் சாமான். சென்னப்பன் வெள்ளைச் சட்டை போட்டு நடுவில் நின்றார். அவர் வாய் திறப்பதற்குள் மூன்றாம் வீட்டு வாசலில் சண்டை.

"நான் அன்னைக்கே பொட்டு வெச்சுட்டுப் போனேன். பாருங்க நெலையில" என்றாள் லட்சுமியம்மாள்.

"நானும்தான் வச்சேன். சமையல் ரூம் கதவுல போய்ப் பாருங்கோ" என்றாள் தஞ்சாவூர் வாத்தியாரின் மனைவி ருக்மணி, கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே.

பார்த்தால் இரண்டும் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் நரி மட்டும் கேட்ட இடத்துக்கு இரண்டு பெண்கள் மல்லுக்கு நிற்கிறார்கள்! சென்னப்பனுக்கு அந்தச் சண்டையை நிறுத்தவே மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நடக்கட்டும் என்று நின்றார்.

நாராயணம்மா வந்தாள். "ருக்மணி, உம் புள்ள தவழுதா?"

"தவழறான். நேத்து நடக்கக்கூடப் பார்த்தான்."

"மூணாம் வீட்டுக்கு நேரா கெணறு. அஞ்சாவதுக்குப் போ. இவன் பள்ளிக்கூடம் போறப்ப மூணாவதைக் கேளு, வாங்கித் தர்றேன்."

ருக்மணி கிணற்றைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், வண்டிக்காரனிடம் ஐந்தாம் வீட்டைக் கைகாட்டினாள். அவ்வளவுதான் பஞ்சாயத்து. சென்னப்பன் பேசவே வேண்டியிருக்கவில்லை.

சூரியன் கல்லூரிக் கூரைக்கு மேலே வந்தபோது ஆறு கூண்டிலும் புகை. யாரோ யார் வீட்டிலோ சர்க்கரை கடன் கேட்டார்கள். சரசம்மாவின் மகள்கள் சேலத்துப் பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளும் புரிந்தமாதிரி ஓடினார்கள்.

பத்து மணி சுமாருக்கு ரோட்டோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, கல்லூரிக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர் ஒருவர் மேட்டில் ஏறி வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, இங்கே வீடு ஏதாச்சும் காலி இருக்குதுங்களா? குடும்பத்தோடதான் வர்றேன்."

சென்னப்பன் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசியிருக்கிறார். இந்த வார்த்தையைச் சொல்லும் வேளை மட்டும் அதுவரை வந்ததில்லை.

"இல்லீங்க. ஆறும் குடும்பம்."

வந்தவர் முகம் வாடித் திரும்பினார். சென்னப்பன் அவரை விடவில்லை. கூப்பிட்டு, மூலை வீட்டு நிழலில் உட்கார வைத்து, நாராயணம்மாவிடம் ஒரு சொம்பு மோர் வாங்கிக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே நின்றார்.

"என்ன கேட்டீங்க? காலி இருக்குதான்னுதானே?"

"ஆமாங்க."

"இல்லீங்க" என்றார் மறுபடியும், இந்தத் தடவை ஐந்தாம் வீடு வரைக்கும் கேட்கும்படி. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசைக்குப் பின்னால் இன்னும் உடைக்காமல் கிடந்த பாறையை எந்தப் பக்கம் தட்டினால் நேராகப் பிளக்கும் என்று பார்க்கப் போனார்.